தொழுவத்தைத் திருப்பிக் கேட்டவன்

1

கிறிஸ்துமஸுக்கு மறுநாளை இங்கே பாக்ஸிங் டே என்கிறார்கள். பெர்த் நகரத்துக்கு வந்து பல வருஷமாகியும் அந்தப் பெயருக்கு யாரும் எனக்கு உருப்படியான விளக்கம் சொன்னதில்லை. நானாக ஒன்று வைத்திருக்கிறேன்: அன்றைக்குத்தான் வீட்டுக்கு வீடு வாசலில் காலி அட்டைப்பெட்டி நிற்கும். பரிசு உள்ளே போய்விட்டது, பெட்டி வெளியே வந்துவிட்டது.

இன்று காலை வெயில் ஏறும்முன் நடக்கக் கிளம்பினேன். எதிர்வீட்டுப் புல்தரை ஓரத்தில் ஒரு டிவி பெட்டி. ஐம்பத்தைந்து அங்குலம். ஒரு மூலைகூட மடங்கவில்லை. குப்பை வண்டிக்காகப் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒழுங்காக நின்றது. அதன் எதிரே நானும் நின்றுவிட்டேன். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியே கை அசைத்தார். நானும் அசைத்தேன். காலிப் பெட்டியின் முன் கண் கலங்கி நிற்கும் இந்தியனைப் பற்றி அவர் மனைவியிடம் என்ன சொன்னாரோ, கர்த்தருக்கே வெளிச்சம்.

வீட்டுக்குள் வந்ததும் என் மனைவி முந்திக்கொண்டாள். "பாத்தேன், பாத்தேன். தூக்கிட்டு மட்டும் வந்துடாதீங்க. ஏற்கெனவே கராஜ்ல கார் நிக்க எடமில்ல."

உண்மைதான். எங்கள் கராஜில் கார் நின்று நாளாகிறது. மிக்ஸி பெட்டி, பிரிண்டர் பெட்டி, மகளுக்கு வாங்கிய முதல் சைக்கிளின் பெட்டி என்று நான் எதையும் எறிவதில்லை. வாரண்டி முடிந்து, பொருளும் செத்து, பெட்டி மட்டும் பத்திரமாக இருக்கும். கார் வெளியே வெயிலில் காய்கிறது. இந்தப் புத்தியால்தான் இந்தக் கிறிஸ்துமஸுக்கு முன் தாம்பரம் பக்கத்தில் ஒரு காரியம் செய்தேன். செய்தது இங்கே உட்கார்ந்துகொண்டு, நடந்தது அங்கே.

2

என் வேலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். பெரிய இரும்புச் சாமான் கடை ஒன்றில் 'திரும்ப வாங்கும்' கவுண்டரில் நிற்கிறேன். ஊரில் சொந்தக்காரர்களிடம் 'கஸ்டமர் ரிலேஷன்ஸ்' என்று சொல்லி வைத்திருக்கிறேன். கேட்பதற்கு வெளியுறவுத் துறை மாதிரி இருக்கும்.

இங்கே ஆட்கள் மண்ணோடு மண்வெட்டியைக் கொண்டுவந்து "பிடிக்கல" என்பார்கள். பெட்டி இருக்காது, பில் இருக்காது. நான் சிரித்து, "நோ வொரீஸ்" என்று சொல்லி, 'பெட்டி இல்லை' என்று ஒரு ஸ்டிக்கரை ஒட்டி உள்ளே தள்ளிவிடுவேன். கடைக்குப் பெட்டி ஒரு பொருட்டே இல்லை என்பது தினமும் என் கையால் நடக்கிற விஷயம். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் என் மேல் கோபம் வரும்போது ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

3

அப்பா சேலையூரில் தனியாக இருக்கிறார். சவரிமுத்து சார் என்றால் கேம்ப் ரோடு பக்கத்தில் பாதிப் பேருக்கு முதுகு நிமிரும். அவ்வளவு பேருக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அம்மா போன பிறகு அவர் வாசல் கேட்டைத் தாண்டுவது அபூர்வமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போவார், கடைசி பெஞ்சில் உட்காருவார், சாமியார் இறுதி ஆசீர் கொடுக்கும்முன் எழுந்து வந்துவிடுவார். யாரும் நலம் விசாரித்துவிடக் கூடாது என்று பயம்.

கோவிலம்பாக்கத்தில் இருக்கும் என் அக்கா ஸ்டெல்லா வாரம் ஒரு தடவை ஸ்கூட்டரில் போய்ப் பார்ப்பாள். "பேச்சே இல்லடா. ஒரு நாள் முழுக்க ஒரு வார்த்தை. அதுவும் 'உப்பு'ங்கிறாரு" என்றாள்.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு இந்த மாதிரிச் செய்தி வந்தால் அவன் என்ன செய்வான்? விமான டிக்கெட் போடுவான் என்று நினைத்தால் நீங்கள் வெள்ளந்தி. அவன் ஆன்லைனில் ஒரு பொருள் வாங்குவான். நான் ஐம்பத்தைந்து அங்குல டிவி வாங்கினேன். அப்பா கேட்கவில்லை. பழைய டிவி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் மனசுக்குள் ஒரு கணக்கு: தனிமை எவ்வளவு பெரிசோ, திரையும் அவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும்.

டிசம்பர் முதல் வாரத்துக்குப் பிறகு பெட்டி போய் இறங்கியது. ஆள் வந்து சுவரில் மாட்டினார். "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"பெரிசா இருக்கு" என்றார் அப்பா.

4

சில நாளில் திரையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு பச்சைக் கோடு விழுந்தது. அதையும் அப்பா சொல்லவில்லை. வீடியோ அழைப்பில் அவர் முதுகுக்குப் பின்னால் நான்தான் கண்டுபிடித்தேன்.

"அப்பா, அது என்ன கோடு?"

"அது ரெண்டு நாளா இருக்கு. செய்தி வாசிக்கிறவங்க நடுவுலதான் உக்காந்திருக்காங்க. ஓரத்துல கோடு இருக்கறது அவங்களுக்கே தெரியாது. விடு."

விடுவதா? என் ரத்தம் கொதித்தது. விற்ற கடையின் செயலியைத் திறந்தேன். பணத்தைத் திருப்பித் தருவதற்கான கெடு டிசம்பர் இருபத்து நான்கோடு முடிகிறது. அதன் பிறகு வாரண்டிதான். வாரண்டி என்றால் ரிப்பேர்; ரிப்பேர் என்றால் உதிரிபாகம் வர வேண்டும்; உதிரிபாகம் எந்தக் கப்பலில் எந்தக் கடலில் வருகிறதோ. இப்படி ஒரு நிமிஷத்தில் அப்பாவின் அடுத்த ஐந்து வருஷத்தையும் பச்சைக் கோடாகவே பார்த்துவிட்டேன்.

அக்கா சொன்னாள், "வருஷம் பூரா வாரண்டி இருக்கேடா. பண்டிகை முடியட்டும். பொறுமையா பாப்போம்."

"பொறுமையா இருந்தவன் எவன் பணம் வாங்கினான்?" என்று கேட்டேன். இந்த மாதிரி வசனங்கள் எனக்குப் பதற்றத்தில்தான் சரளமாக வரும்.

கடையின் சேவை எண்ணை அழைத்தேன். நம் ஊர்க் கடையை மிரட்டுவதற்கு ஆஸ்திரேலிய ஆங்கிலம்தான் தோது என்று நினைத்து, மூக்கால் நீட்டி நீட்டிப் பேசினேன். எதிர்முனைப் பெண் முழுவதும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "சார், தமிழ்லயே பேசலாம் சார். நான் மதுராந்தகம்."

பிறகு விதிகளைச் சொன்னாள். கோடு தெரிகிற மாதிரி ஒரு படம், பெட்டியின் படம் ஒன்று அனுப்ப வேண்டும். "ஒரிஜினல் பெட்டி, தெர்மாகோல் எல்லாம் எடுத்து வைங்க சார். இல்லாட்டி ரிட்டர்ன் ரிஜெக்ட் ஆக சான்ஸ் இருக்கு."

"நோ வொரீஸ்" என்று வாய் பழக்கத்தில் சொன்னது. உடம்பெல்லாம் வொரீஸ்.

அப்பாவிடம் படம் கேட்டேன். வந்தது. கோடு தெளிவாக இருந்தது. இரண்டாவது படத்தில் மாதா, சூசையப்பர், ஒரு மாடு, ஒரு கழுதை, நாலைந்து ஆடுகள், மேலே ஒரு வால் நட்சத்திரம்.

"தப்பான படம் அனுப்பிட்டீங்கப்பா. இது யாரோ வெச்ச குடில்."

"இல்லடா, அதுதான் பெட்டி. மாட்டுக்குப் பின்னாடி பாரு."

விரலால் விரித்துப் பார்த்தேன். மாட்டின் கொம்புக்கு மேலே இரண்டு அம்புக்குறி, இந்தப் பக்கம் மேலே என்று. பக்கத்தில் உடையும் கண்ணாடிக் கோப்பை. அதன் பக்கத்தில், நனையக் கூடாது என்பதற்காக அச்சடித்த ஒரு சின்னக் குடை. அந்தக் குடைக்குக் கீழே சூசையப்பர் கைகூப்பி நின்றார்.

"தெர்மாகோல்?"

"அதான் பெத்லகேம் மலை. காப்பித்தூள் கரைச்சுப் பூசியிருக்கோம்" என்றார் அப்பா. குரலில் ஒரு குழைவு இருந்தது. வெகுநாள் கழித்து அவரிடமிருந்து 'உப்பு'வைவிட நீளமான வாக்கியங்கள் வருகின்றன என்பது அந்த நேரம் என் காதில் விழவில்லை.

5

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக: ஒரு தெருவில் இருக்கும் ஏழெட்டுக் குடும்பங்கள் சேர்ந்தது ஓர் அன்பியம். கிறிஸ்துமஸ் வந்தால் ஒவ்வோர் அன்பியமும் தெருமுனையில் ஒரு குடில் வைக்கும். இருபத்து நாலாம் தேதி சாயங்காலம் பங்குச் சாமியார் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வருவார். பரிசெல்லாம் ஒரு எவர்சில்வர் டப்பாதான். ஆனால் அதற்காகப் பக்கத்துத் தெருவோடு வருஷம் முழுக்க முறைப்பு இருக்கும். எங்கள் அன்பியம் எப்போதும் கடைசி. ஆப்பிள் பெட்டியில்தான் எங்கள் இயேசு பிறந்துகொண்டிருந்தார்.

இந்த வருஷம் குகையே வந்துவிட்டது. அன்பியத் தலைவி ஜெசிந்தா அக்கா தெருமுனையில் டிபன் கடை வைத்திருப்பவர். அவர் கேட்டைத் திறந்து, "சார், அம்மாம் பெரிய பெட்டி சும்மாத்தானே கீது?" என்று கேட்டாராம். அப்பா தானே அதைத் தோளில் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தாராம். அளவெடுத்து, கோணம் பார்த்து, ஒரு வெட்டுகூட வெட்டாமல் பெட்டியைப் படுக்க வைத்து, மேலே பழுப்புக் காகிதம் போர்த்தி, தார்ப்பாய் கட்டி... தினம் சாயங்காலம் அங்கேதான் இருந்தாராம். இதெல்லாம் என் அக்கா பிறகு சொன்னது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பெட்டி வெட்டப்படவில்லை. அப்படியானால் திருப்பிக் கொடுக்கலாம்!

"எப்பப்பா குடிலைப் பிரிப்பீங்க?"

"மூணு ராஜாக்கள் திருநாள் முடிஞ்சு."

"அது ஜனவரிப்பா! கெடு இருபத்தி நாலு! அன்னிக்குக் காலைல டிவியை எடுக்க ஆள் வர்றாரு!"

"சாமியார் சாயங்காலம் பாக்க வருவாருடா" என்றார் அப்பா.

"குழந்தை இயேசு பெட்டி இல்லாமலும் பிறப்பாருப்பா. பணம் அப்படித் திரும்பி வராது."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. எனக்கு எரிச்சல் வந்தது. என் நகைச்சுவைக்கு யாரும் சிரிக்காவிட்டால் எனக்கு எப்போதும் எரிச்சல் வரும். அடுத்ததாக ஒன்று சொன்னேன். கவுண்டரில் நிற்கும்போது குடிகாரன் ஒருவனிடம்கூட அந்தத் தொனியில் நான் பேசியதில்லை.

"அது என் பெட்டிப்பா. நான் வாங்கினது."

"ஆமா" என்றார் அப்பா. "உன்னுதுதான். நாளைக்கே வாங்கிடறேன்."

6

மறுநாள் அக்கா அழைத்தாள். நான் கடையின் சாப்பாட்டு அறையில் இருந்தேன். ஹலோகூட இல்லை.

"உனக்கு சந்தோஷமாடா அமலு?"

"பெட்டி கிடைச்சுதா?"

"கிடைச்சுதாவா! கேளு. அப்பா கோவிலுக்குப் போடற வெள்ளைச் சட்டைய மாட்டிக்கிட்டு தெருமுனைல போய் நிக்கறாரு. வாயத் திறக்கல. ஜெசிந்தா அக்கா, 'வா சார், நட்சத்திரம் கோணலா கீது, பாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே கூப்பிடறாங்க. இவரு, 'பெட்டி வேணும்மா, பையன் கேக்கறான்'னாரு. அவங்களுக்குப் புரியவே இல்ல. 'இன்னா சார் வெளாட்றியா? மாதாவ எங்க சார் நிக்க வெக்கிறது? ரோட்லயா?'ன்னாங்க. அப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டு திரும்ப அதையே சொல்றாரு. 'பெட்டி பையனுதும்மா.' நாலு வீட்டு ஆளுங்க நின்னு பாக்கறாங்கடா. அவருகிட்ட படிச்சவங்க."

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"முடிக்கலடா இன்னும். பெட்டி வெளிய வரல. தார்ப்பாயை அவுத்தாத்தான் வரும்னு அவுத்தாங்க. அவுத்ததும் தூத்தல் போட ஆரம்பிச்சுடுச்சு. அப்பா பதறிட்டாரு. 'பெட்டி நனைஞ்சா எடுத்துக்க மாட்டான், பெட்டி நனைஞ்சா எடுத்துக்க மாட்டான்'னு. உடனே ஜெசிந்தா அக்கா அவங்க குடையை விரிச்சு பெட்டிக்குப் புடிச்சாங்க. பெட்டிக்குக் குடைடா. மாதாவும் சூசையப்பரும் அன்னக்கூடைல மழைல நனையறாங்க. ஊர்வலம் மாதிரி வீட்டுக்குக் கொண்டாந்து சேத்தாங்க."

"தெர்மாகோல்?" என்று கேட்டேன். ஆம், கேட்டேன். எழுதும்போது கை கூசுகிறது, ஆனாலும் கேட்டேன்.

"கொழாயடியில உக்காந்து மலையைக் கழுவிக்கிட்டிருக்காரு. காப்பிக் கறை போகல. பல் தேய்க்கிற பிரஷ்ஷால தேய்க்கறாரு. வெச்சுடறேன்."

அன்று கவுண்டரில் ஒரு கிழவர் பாதி பயன்படுத்திய பெயிண்ட் டப்பாவை நீட்டினார். பெட்டி இல்லை, பில் இல்லை, மூடிகூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "யூ ஆர் அ குட் மேன்" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னது என் மகள் ஐரினுக்குப் பாதி கேட்டிருக்கிறது. அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் விருந்தாளி மாதிரி வரும், உட்காராது. "அப்பா, தாத்தா அந்த ஸ்டாச்சூஸ எதுல வச்சாரு?"

"அன்னக்கூடையில."

"வாட்ஸ் அன்னக்கூடை?"

துணி போட்டு வைக்கும் பிளாஸ்டிக் கூடையைக் காட்டி, அந்த மாதிரி என்றேன். அது அந்த மாதிரி இல்லை, சோறு கொட்டி வைக்கிற பெரிய பாத்திரம். அவள் எட்டிப் பார்த்தாள். உள்ளே என் அழுக்குச் சட்டைகள் கிடந்தன. "ஓ" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

7

இருபத்து நான்காம் தேதி காலை ஆள் வந்தார். நான் வீடியோ அழைப்பில் மேற்பார்வை செய்துகொண்டிருந்தேன். அக்கா போனைப் பிடித்திருந்தாள். பாதி நேரம் எனக்குச் சுவரும் மின்விசிறியும் மட்டும் தெரிகிற மாதிரி வேண்டுமென்றே பிடித்திருந்தாள் என்று நினைக்கிறேன்.

வந்தவர் கோட்டைப் பார்த்தார், டிவியைச் சுவரிலிருந்து இறக்கினார், வண்டியிலிருந்து ஒரு பெரிய பஞ்சு உறையைக் கொண்டுவந்து அதற்குள் செருகினார்.

அப்பாவின் குரல் கேட்டது. "தம்பி, பெட்டி?"

"பெட்டி கீதா? இருந்தா குடுங்க சார். இல்லன்னாலும் பரவால்ல, கவர்லயே எடுத்துனு போயிடுவேன்."

சுவர் ஆடியது. அக்கா போனோடு திரும்பியிருக்க வேண்டும். பிறகு அவள் குரல்: "அப்பா, கேட்டீங்களா? வேணாமாம். இப்பவே தெருமுனைக்குக் கொண்டு போயிடலாம். சாமியார் வர சாயங்காலம் ஆகும். வாங்க, நானும் கட்டறேன்."

நானும் கத்தினேன். "ஆமாப்பா, எடுத்துக்கோங்க! பெட்டி வேணாம்பா!"

அப்பா குனிந்து பெட்டிக்குள் எதையோ எடுத்ததைப் பார்த்தேன். ஒரு சின்ன ஆடு, மூலையில் தங்கிவிட்டது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு பெட்டியைத் தானே தூக்கி வண்டி வரைக்கும் கொண்டுபோனார்.

"கொண்டு போங்க தம்பி. பெட்டியோட குடுக்கணும்னு பையன் சொல்லியிருக்கான். நாளைக்கு ஒண்ணுன்னா அவன் அங்க தவிப்பான்."

வண்டி போய்விட்டது. பழுப்புக் கறை படிந்த தெர்மாகோலும் அதில் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அக்கா ஒரு படம் அனுப்பினாள். ஈரத் தரையில் இரண்டு செங்கல், மேலே பலகை, அதில் மாதாவும் சூசையப்பரும். தலைக்கு மேல் ஜெசிந்தா அக்காவின் குடை. காம்பை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். நட்சத்திரம் நேராகத்தான் இருந்தது. பக்கத்துத் தெருவுக்கு எவர்சில்வர் டப்பா.

எங்கள் அன்பியத்தில் குழந்தை இயேசு சொரூபம் எப்போதும் அப்பாவின் பீரோவில்தான் இருக்கும். இருபத்து நாலு ராத்திரி அவர்தான் கொண்டுபோய்க் குடிலின் தீவனத் தொட்டியில் வைப்பார். அம்மா இறந்த வருஷம்கூட, யாரிடமும் பேசாமல், கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். இந்த வருஷம் துணியில் சுற்றி ஜெசிந்தா அக்காவிடம் கொடுத்தனுப்பிவிட்டார். தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாராம். பூசைக்கும் போகவில்லையாம்.

டிவி செய்யாததைப் பெட்டி செய்திருந்தது. அதைத்தான் நான் திருப்பி வாங்கிவிட்டேன்.

8

இன்று, எதிர்வீட்டுப் பெட்டியைப் பார்த்துவிட்டு வந்து, அப்பாவுக்குப் போன் செய்தேன். மன்னிப்பு என்ற சொல்லை நம் வீட்டில் யாரும் உபயோகித்துப் பார்த்ததில்லை. அதை எப்படி எடுப்பது, எங்கே பிடிப்பது என்று தெரியாது. அதனால் மழையைப் பற்றிக் கேட்டேன். சேலையூர் ஏரி நிறைந்துவிட்டதா என்று கேட்டேன்.

"பணம் வந்துச்சா?" என்றார் அப்பா.

"வந்துடுச்சுப்பா. முழுசா."

"அப்ப சரி."

பின்னால் சத்தம் கேட்டது. பாத்திரம் வைக்கிற சத்தம், ஒரு பெண் குரல். "யாரு சார், ஆஸ்திரேலியாவா? இன்னும் இன்னா வேணுமாம்? குடைய அனுப்பணுமான்னு கேளு!"

ஜெசிந்தா அக்கா. இட்லி கொண்டுவந்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது. அதே நேரம், கேட்டைத் திறந்துகொண்டு அப்பாவின் வீட்டுக்குள் ஒருவர் வந்திருக்கிறார் என்பது அந்தச் சூட்டுக்குள் மெதுவாக உறைத்தது.

"கோச்சுக்கிட்டிருக்காங்களாப்பா?"

"பின்ன? கொஞ்சுவாங்களா?"

"அப்பா, புதுசா ஒரு டிவி அனுப்பறேன். நல்ல கம்பெனியா பாத்து."

"எனக்குப் பழசே போதும்."

"இல்லப்பா, அனுப்பறேன். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே வந்துடும்."

அப்பா கரும்பலகை முன் சாக்பீஸோடு நிற்கிற கணக்கு வாத்தியார் ஆகிவிட்டார்.

"அனுப்பினா, பெட்டி உனக்கா எங்களுக்கான்னு முன்னாடியே சொல்லிடு. அன்பியத்துலயும் சொல்லி வெக்கணும்."

"உங்களுக்குத்தான்பா" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். "பெட்டி உங்களுக்குத்தான்."

"அவசரப்படாத" என்றார் அப்பா. "முதல்ல டிவி ஒழுங்கா ஓடுதான்னு பாரு. அப்புறம் சொல்லு."